நைட்டிங்கேலும் வார்டில் கற்பித்த செவிலியர்களும்

நீங்கள் மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது, கட்டு மாற்றவோ ஊசி போடவோ இரண்டு செவிலியர்கள் சேர்ந்து வருவதைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் அனுபவமுள்ளவர், மற்றவர் பயிற்சி மாணவி. முதலில் மூத்தவர் செய்ய மாணவி பார்க்கிறார். சில நாட்களுக்குப் பின் மாணவி செய்ய மூத்தவர் பார்க்கிறார். கற்பிக்கும் அந்தப் பொறுப்பை மூத்த செவிலியர் தமது அன்றாடப் பணியோடு கூடுதலாகச் சுமக்கிறார். அதை அவர் மனமுவந்து செய்ய எது துணை நிற்கிறது? பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் வாழ்க்கையில், விளக்கேந்திய படத்தில் இடம்பெறாத ஒரு பகுதி இதற்கு விடை தருகிறது.

அவர் 1820 மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், வசதி படைத்த ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்கும் இடப்பட்டது. அக்காலத்து இங்கிலாந்தில் செவிலியர் பணிக்கு மதிப்பில்லை. எனவே அவரது விருப்பத்தைக் குடும்பத்தார் பல்லாண்டுகள் தடுத்தனர். 1851இல் ஜெர்மனியின் கெய்சர்ஸ்வெர்த் என்னும் ஊரில் சுமார் மூன்று மாதங்கள் மட்டுமே முறையாகக் கற்றார். 1854 நவம்பரில், கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைக் கவனிக்க 38 செவிலியர்களுடன் ஸ்குட்டாரி மருத்துவமனையை அடைந்தார். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதி அது. எஞ்சிய கதை நீங்கள் பள்ளியில் படித்ததுதான்.

அவருக்கு நன்றி தெரிவிக்கும் வகையில் மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு, 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர். அவர்கள் பெரும்பாலும் வார்டிலேயே கற்றனர். வார்டு சிஸ்டரே ஆசிரியர். கற்பிப்பதற்காகச் சிஸ்டர்களுக்கு நிதியிலிருந்து தனித் தொகை வழங்கப்பட்டது. ஒவ்வொரு மாணவியின் ஒழுக்கமும் திறனும் மாதந்தோறும் பதிவேட்டில் குறிக்கப்பட்டன. ஏட்டில் பார்த்தால் குறையே இல்லாத ஏற்பாடு.

ஆனால், நைட்டிங்கேல் அந்தப் பள்ளியை நேரில் நடத்தவில்லை. போரிலிருந்து திரும்பியபின் நீண்டகால நோயால் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். இராணுவ மருத்துவச் சீர்திருத்தமும் இந்தியாவின் சுகாதாரமும் அவரது நேரத்தை எடுத்துக்கொண்டன. தலைமைச் செவிலியர் சாரா வார்ட்ரோப்பரிடம் பள்ளியை ஒப்படைத்துவிட்டு, எல்லாம் சரியாக நடப்பதாக எண்ணியிருந்தார். 1870களின் தொடக்கத்தில் உண்மை தெரியவந்தது. மருத்துவர் நடத்தவேண்டிய விரிவுரைகள் நின்றுபோயிருந்தன. பணிப்பளுவால் கற்பிக்க நேரமின்றி, சிஸ்டர்கள் மாணவியரை வார்டு வேலைக்குக் கிடைத்த கூடுதல் ஆட்களாகவே பயன்படுத்தி வந்தனர். சிஸ்டர்களிலும் சிலர் முறையான பயிற்சி பெறாதவர்கள். பாதி கற்ற மாணவியின் கையில் படுக்கையிலிருக்கும் நோயாளி அகப்பட்டால் என்னவாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

தம் பெயரைத் தாங்கிய பள்ளி பத்தாண்டுகளாகத் தம் கண்ணில் படாமல் தளர்ந்திருந்தது அவரைக் கடுமையாக வருத்தியது. எனினும், சிஸ்டர்களை மட்டும் குறைகூறி அவர் நின்றுவிடவில்லை; சுமையைப் பகிர்ந்தளித்தார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. மாணவியர் விடுதியில் தங்கி அவர்களுக்குப் பாடங்களை மீண்டும் சொல்லித்தர ஒரு தனிச் சிஸ்டர் நியமிக்கப்பட்டார். 1873இல் புதிய மருத்துவர் விரிவுரைப் பொறுப்பை ஏற்றார். வார்டில் கண்டதையும் செய்ததையும் மாணவியர் நாட்குறிப்பில் எழுதவேண்டும் என்றார். அவற்றைத் தாமே படித்தார். மாணவியரையும் சிஸ்டர்களையும் ஒவ்வொருவராகத் தம் இல்லத்துக்கு அழைத்து, தேநீர் தந்து, வார்டின் நடப்பை விசாரித்தார். தாம் கற்பிப்பதை ஒருவர் கவனிக்கிறார், தம் சிரமத்தைக் கேட்க ஓர் இடம் உண்டு என்ற உணர்வு தனித்தொகையைவிடச் சிஸ்டர்களை அதிகம் ஊக்கியிருக்கும் என்றே தோன்றுகிறது. 1872 முதல் மாணவியருக்கு நீண்ட மடல்களும் எழுதிவந்தார். 1910 ஆகஸ்ட் 13 அன்று, 90ஆம் வயதில் காலமானார்.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. கற்பிக்க நேரம் ஒதுக்கப்பட்டு, மேலதிகாரியின் ஆதரவும் கல்லூரி ஆசிரியரின் துணையும் கிடைக்கும் வார்டில், மூத்த செவிலியர் விருப்பத்துடன் மாணவியை அருகில் வைத்துக்கொள்கிறார். ஆள் பற்றாக்குறையுள்ள வார்டில் அதே செவிலியருக்கு மாணவி மற்றொரு சுமையாகிவிடுகிறார். கற்பிக்கும் முறையை முன்பே பயின்றவர்களுக்குத் தயக்கம் குறைவு. மாணவியின் கேள்விகளால் தம் அறிவும் புதுப்பிக்கப்படுவதை உணர்பவர்களும் உள்ளனர்.

நோயாளியாகவோ உடனிருப்பவராகவோ உங்களுக்கும் இதில் இடமுண்டு. மாணவி கற்பதற்கு உங்கள் இசைவு தேவை. வந்திருப்பவர் மாணவியா என்று கேட்கலாம். அவர் செய்வதை விரும்பாவிட்டால் தயங்காமல் சொல்லலாம். அதனால் உங்களுக்குரிய கவனிப்பு குறையக்கூடாது. இசைந்தால், வேலை சற்று மெதுவாக நடக்கும் என்பதை எதிர்பாருங்கள். மூத்தவர் இடையில் நிறுத்தித் திருத்துவது தவறு நிகழ்ந்ததன் அடையாளம் அன்று, கற்பித்தலின் இயல்பான பகுதி. வலி மிகுந்தாலோ ஐயம் எழுந்தாலோ உடனே மூத்த செவிலியரிடம் கூறுங்கள். மாணவி தனியே ஊசி போட வந்தால், மேற்பார்வையிடுபவர் யார் என்று கேட்டு, அவர் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.