நெடுந்தொலைவு சென்ற மின்சாரம்

அருவி மலையில் வீழ்கிறது. ஆலையோ நகரில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் மின்பொறியாளர்களைத் திணறச் செய்தது. அத்தொலைவைக் கடக்க வழிகண்டவர்களுள் முன்னிற்பவர் ஆஸ்கர் ஃபான் மில்லர். இவர் 1855இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், வெண்கலச் சிலை வார்ப்பில் புகழ்பெற்ற ஃபெர்டினாண்ட் ஃபான் மில்லரின் மகனாகப் பிறந்தார். கட்டுமானப் பொறியியல் பயின்று அரசுப் பணியில் இருந்தவரை, 1881இல் பாரிசில் கண்ட மின்னியல் கண்காட்சி ஆட்கொண்டது.

மறு ஆண்டே மியூனிக்கில் அத்தகைய கண்காட்சியொன்றை நடத்தினார். பிரெஞ்சு அறிஞர் மார்செல் டெப்ரேயின் துணையால், 57 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மீஸ்பாக்கிலிருந்து தந்திக் கம்பி வழியே நேர்திசை மின்சாரம் வந்து, அரங்கில் செயற்கை அருவியொன்றைப் பாயச் செய்தது. மக்கள் வியந்தனர். ஆயினும் ஆற்றலில் பெரும்பகுதி வழியிலேயே வெப்பமாய் வீணாயிற்று.

கம்பியில் நேரும் இழப்பு, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே திறனை அனுப்ப மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கே போதும். இழப்போ நூற்றில் ஒரு பங்காகும். ஆனால், அவ்வுயர் அழுத்தம் விளக்குக்கு ஒவ்வாது. அதனை ஏற்றவும் இறக்கவும் மின்மாற்றி வேண்டும். அதுவோ மாறுதிசை மின்னோட்டத்தில்தான் இயங்கும்.

1891இல் பிராங்க்பர்ட் கண்காட்சியின் பொறுப்பு மில்லரிடம் வந்தது. 175 கிலோமீட்டருக்கு அப்பால், நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள லாஃபனிலிருந்து மின்சாரம் கொணரத் துணிந்தார். டோலிவோ டோப்ரோவோல்ஸ்கியும் சார்லஸ் பிரவுனும் மும்முனை மின்னாக்கி, மின்மாற்றி, மின்னோடி ஆகியவற்றை உருவாக்கித் தந்தனர். கம்பிவழி நான்கு அரசுகளின் நிலப்பரப்பைக் கடந்தது. ஒவ்வோர் அரசின் இசைவையும் பெற்றாக வேண்டும். கருவியமைத்தலினும் அது எளிதன்று! மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் நடப்பட்டன. இத்தனை உயர் அழுத்தத்தை இத்தனை தொலைவுக்கு அனுப்பியவர் அதற்குமுன் எவருமிலர். பொறியாளர் பலரே ஐயுற்றனர். தோற்றால் மில்லரின் பெயரும், புதிய முறையின் எதிர்காலமும் ஒருங்கே சரியும்.

ஆகஸ்ட் மாத இறுதியில் மின்னாக்கி சுழன்றது. ஏறத்தாழ 55 வோல்ட் அழுத்தத்தில் பிறந்த மின்சாரம் 15,000 வோல்ட்டாக உயர்ந்து, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கம்பிகளில் விரைந்தது. பிராங்க்பர்ட்டில் ஆயிரம் விளக்குகள் ஒளிர்ந்தன. அங்கும் ஓர் அருவி பாய்ந்தது. பின்னர் அளந்து பார்த்தபோது, நான்கில் மூன்று பங்கு ஆற்றல் வந்து சேர்ந்திருந்தது.

கண்காட்சி முடிந்தபின் லாஃபனின் மின்சாரம் அருகிலுள்ள ஹைல்பிரான் நகருக்கு ஒளியூட்டியது. 1903இல் மியூனிக்கில் ஜெர்மன் அருங்காட்சியகத்தை நிறுவிய மில்லர், வால்கன் ஏரி நீரை 200 மீட்டர் வீழ்த்தி மின்சாரம் ஆக்கும் நிலையத்தையும் திட்டமிட்டார். 1924இல் அது இயங்கத் தொடங்கியது. பத்தாண்டுகள் கழித்து, பிறந்த ஊரிலேயே அவர் மறைந்தார்.