விண்மீன் அளந்த வைணு பாப்பு

தை, மாசித் திங்களில் முன்னிரவு எட்டு ஒன்பது மணியளவில் தென்திசை வானை நோக்குவார்க்கு, அடிவானத்திற்குச் சற்று உயரத்தே ஒளிமிக்க விண்மீன் ஒன்று புலனாகும். அதனை நம் முன்னோர் அகத்திய மீன் என்று பெயரிட்டு வழங்கினர். அம்மீனுக்கு வலப்புறத்தே, சிறிது தொலைவில், ஒளி குன்றிய மற்றொரு மீன் உள்ளது. பீட்டா பிக்டோரிஸ் என்பது அதன் பெயர். நம் கதிரவனோடு ஒப்பிட்டால் அது பிறந்து சில நாளே ஆன குழந்தை எனலாம். அதனைச் சுற்றித் தூசியாலான பெருந்தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. அத்தகைய தட்டுகளிலிருந்தே கோள்கள் பிறக்கின்றன. நாம் வாழும் இந்நிலவுலகமும் முன்னொரு காலத்தில் அங்ஙனம் ஒரு தூசித் தட்டில் திரண்டு உருப்பெற்றதே.

பூவிருந்தவல்லியை அடுத்த கரையான்சாவடியில் நின்று நோக்கும் மாணவன் அகத்திய மீனை எளிதில் காண்பான். அதன் அண்டையிலுள்ள இளமீனைக் காண்பது அவனுக்கு அரிது. கடைத்தெரு விளக்கும், நெடுஞ்சாலையில் விரையும் வண்டிகளின் விளக்கும், அவற்றின் புகையும் சேர்ந்து மங்கலான மீன்களை மறைத்துவிடுகின்றன. அவனே அந்நெடுஞ்சாலை வழியாக மேற்கு நோக்கிச் சென்று, வேலூரையும் வாணியம்பாடியையும் கடந்து, ஆலங்காயத்தை அடுத்த சவ்வாது மலைமேல் ஏறுவானாயின், காவலூர் என்னும் சிற்றூரை அடைவான். ஆங்கே வானம் கருமை மாறாது விளங்கும். விண்மீன்கள் எண்ணிறந்து தோன்றும். அவ்வூரைத் தேர்ந்து, அதனை உலகத்து வானூலார் அறியுமாறு செய்தவர் ஒருவர். அவரே வைணு பாப்பு ஆவார்.

மணலி கல்லாட்டு வைணு பாப்பு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவர்தம் முன்னோர் மலையாள நாட்டினர். தந்தையார் ஐதராபாத்திலிருந்த நிசாமியா வானாய்வு நிலையத்தில் பணியாற்றினார். ஆகவே ஏனைய சிறுவர் பம்பரமும் பட்டமும் கொண்டு விளையாடிய வயதில், பாப்புவுக்குத் தொலைநோக்கியே தோழனாக வாய்த்தது. அவர் வீட்டிற்கு ஒரே மகன். கல்லூரியிற் பயிலும் நாளிலேயே ஒளி மாறும் விண்மீன்களைத் தாமே நோக்கி ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

பின்னர் ஐதராபாத்து அரசின் உதவித்தொகை பெற்று, 1949-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலுள்ள ஆர்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார். சென்ற சில திங்களுக்குள்ளாகவே அவருக்கு ஒரு நற்பேறு கிட்டியது. அவ்வாண்டு சூலைத் திங்களில் ஓர் இரவு தாம் எடுத்த வானப் படத்தை ஆராய்ந்தபொழுது, முன்பு எவரும் கண்டறியாத வால்மீன் ஒன்று அதில் பதிந்திருக்கக் கண்டார். அவர்தம் ஆசிரியர் பார்ட்டு பாக்கும், உடன் பயின்ற கார்டன் நியூகர்க்கும் அதனை உறுதிசெய்யத் துணைநின்றனர். அவ்வால்மீன் இன்றும் மூவர் பெயராலும் பாப்பு–பாக்–நியூகர்க் என வழங்குகிறது. இதன்பொருட்டுப் பசிபிக்கு வானூற் கழகம் அவருக்குப் பதக்கம் அளித்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு. வால்மீனைக் காண்பதில் ஊழின் பங்கும் உண்டு. அவருடைய பெரும்பணிகள் இனிமேல்தான் வரவிருந்தன.

1952-ஆம் ஆண்டில் பாப்பு முனைவர் பட்டம் பெற்றார். அடுத்துக் கார்னிகி ஆய்வு நல்கை பெற்றுக் கலிபோர்னியாவிலுள்ள பெரிய வானாய்வு நிலையங்களில் பணிபுரிந்தார். அங்கே ஆலின் வில்சன் என்னும் அறிஞரோடு கூடி அவர் செய்த ஆராய்ச்சியைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தோன்றும். அவற்றுள் சுண்ண உலோகமாகிய கால்சியத்திற்கு உரிய கோடு ஒன்று உண்டு. சில மீன்களில் அக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று காணப்படும். அவ்வொளிக்கீற்று அகன்றிருந்தால் அம்மீன் இயல்பாகவே பேரொளி உடையது. குறுகியிருந்தால் சிற்றொளி உடையது. ஏறத்தாழ 185 மீன்களை ஆராய்ந்து அவ்விருவரும் இவ்வுண்மையை நிலைநாட்டினர். 1957-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிபு வில்சன்–பாப்பு விளைவு என்னும் பெயர் பெற்றது.

இதனால் விளைந்த பயன் யாது? ஒரு விளக்கின் உண்மையான ஒளி இவ்வளவு என நாம் முன்னமே அறிந்திருந்தால், அது நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கித் தோன்றுகிறது என்பதைக் கொண்டு அதன் தொலைவைக் கணக்கிடலாம். விண்மீனுக்கும் அதுவே முறை. தொலைவு தெரியாவிடில் வானத்தில் எப்பொருளின் உருவளவும் தெரியாது. கண்ணுக்கருகே பிடித்த ஒரு காசு முழுநிலவையே மறைத்துவிடும். ஆயினும் காசும் நிலவும் ஓரளவினவாகா. வானூலார் தொலைநோக்கியால் நேரே அளப்பது கோணத்தையே. அக்கோணத்தோடு தொலைவும் தெரிந்தால்தான், இத்தட்டு இத்தனை கிலோமீட்டர் அகலம், இவ்வளையம் இத்தனை கிலோமீட்டர் அகலம் என்று கூற இயலும்.

இத்துணைப் புகழ் பெற்ற இளைஞர் அந்நாட்டிலேயே தங்கியிருப்பின் உயர்ந்த பதவியும் சிறந்த கருவிகளும் எளிதிற் பெற்றிருப்பார். அவரோ 1953-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பினார். இங்கே அவருக்கெனத் தக்க தொலைநோக்கி எதுவும் காத்திருக்கவில்லை. உத்தரப்பிரதேச அரசு புதிதாகத் தோற்றுவித்த வானாய்வு நிலையத்தின் பொறுப்பை 1954-இல் ஏற்றார். காசியில் தொடங்கிய அந்நிலையம் மறு ஆண்டே நைனித்தால் மலைக்கு மாறியது. அங்கு அதற்கு அடித்தளம் இட்டபின், 1960-ஆம் ஆண்டில் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் இயக்குநராகத் தமிழ்நாட்டிற்கு வந்தார். அப்பொழுது அவருக்கு முப்பத்துமூன்று வயதும் நிரம்பவில்லை.

கொடைக்கானல் நிலையம் தொன்மை மிக்கது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் எழுப்பிய வானாய்வு நிலையத்தின் வழித்தோன்றலாக, 1899-இல் அது மலைமேல் அமைக்கப்பெற்றது. கதிரவனை ஆராய்வதில் அதற்குப் பெரும்புகழ் உண்டு. ஆனால் இரவு வானை ஆராய அவ்விடம் ஏற்றதன்று. முகிலும் பனிமூட்டமும் அடிக்கடி வந்து மூடிக்கொள்ளும். ஆதலின் பாப்பு தென்னாட்டில் வேறிடம் தேடலானார். தென்வானத்து மீன்களும் தெரியவேண்டும். முகில் குறைவாயிருத்தல் வேண்டும். நகரத்து விளக்கொளி எட்டாத தொலைவாகவும் இருத்தல் வேண்டும். பல இடங்களை ஆய்ந்து, முடிவில் கடல்மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரைத் தேர்ந்தார். மலையின் உயரத்தை நோக்க இது சிறிதே. ஆயினும் நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருந்தமையால், வடவானும் தென்வானும் ஒருங்கே காணும் வாய்ப்பு அதற்கு இருந்தது.

1968-இல் அங்கு முதன்முதல் நிறுவப்பெற்ற தொலைநோக்கியின் ஆடி 38 சென்டிமீட்டர் அகலமே உடையது. அதுவும் வெளிநாட்டினின்று வந்ததன்று. கொடைக்கானல் நிலையத்துப் பணிமனையிலேயே செய்யப்பெற்றது. நான்காண்டு கழித்து, செருமானிய நாட்டிலிருந்து தருவித்த 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி அதன் அருகே இடம்பெற்றது. இதற்கிடையே 1971-ஆம் ஆண்டில் கொடைக்கானல், காவலூர் நிலையங்கள் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்தன. பாப்பு அதன் இயக்குநரானார்.

புதிய தொலைநோக்கி நிறுவப்பெற்ற 1972-ஆம் ஆண்டிலேயே அதற்கொரு வேலை வந்தது. வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துச் செல்லும் என்று கணித்திருந்தனர். காவலூரிலும் இந்தோனேசியாவிலும் அதனை உற்று நோக்கினர். மீன் சட்டென்று மறையாமல் மங்கி மறைந்தமையால், கானிமீட்டைச் சுற்றி மெல்லிய வளிப்படலம் உண்டு என்னும் குறிப்புக் கிடைத்தது.

ஐந்தாண்டிற்குப் பின் நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள், யுரேனசு என்னும் கோள் மங்கலான மீன் ஒன்றின் முன்னே கடந்துசெல்ல இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் சிலர் வானூர்தியில் தொலைநோக்கியை ஏற்றி இந்தியப் பெருங்கடலின் மேலே பறந்தவாறு நோக்கினர். காவலூரில் பட்டாச்சாரியா, குப்புசாமி ஆகியோர் விழித்திருந்து அம்மீனின் ஒளியைக் கருவியில் பதிவு செய்தனர். கோள் நெருங்குவதற்கு முன்னரே மீனின் ஒளி சில வினாடி குன்றி மீண்டும் பழையவாறாயிற்று. யுரேனசின் அண்டையில் ஏதோ ஒரு பொருள் இருந்து அவ்வொளியை மறைத்தது என்பது தெளிவாயிற்று.

அது யாது? காவலூரார் முதலில் அதனைப் புதியதொரு துணைக்கோள் என்று கருதினர். வானூர்தியிற் சென்றவர்களோ கோளின் இருமருங்கும் ஒளி பலமுறை ஒரே ஒழுங்கில் குன்றக் கண்டமையால், அவை வளையங்கள் என்று துணிந்தனர். யுரேனசின் வளையங்களைக் கண்ட முதற்புகழ் அவர்களையே சாரும். இதனை மறைத்துக் கூறுதல் முறையன்று. பின்னர்க் காவலூர்ப் பதிவை மீண்டும் ஆராய்ந்து, அதிலும் வளையங்களின் சுவடு உண்டு என்று பாப்புவும் பட்டாச்சாரியாவும் அவ்வாண்டே கட்டுரை வெளியிட்டனர். முதலிற் கொண்ட கருத்தைச் சான்று கண்டபின் மாற்றிக்கொள்வதற்கு அவர்கள் தயங்கவில்லை.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைக் கருதிப் பார்க்கலாம். யுரேனசு அன்று நம்மினின்றும் ஏறத்தாழ 270 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அதன் வளையங்களுட் பல பத்துக் கிலோமீட்டர் அகலமும் இல்லாதவை. அக்காலத்துத் தொலைநோக்கி எதுவும் அவற்றின் அகலத்தைக் கண்டு அளந்திருக்க முடியாது. ஆனால் அவ்விரவு, மீனின் ஒளியில் விழும் வளையத்தின் நிழல் நம் நிலவுலகத்தின்மீது வினாடிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் விரைவில் ஓடியது. எனவே ஒளி எட்டு வினாடி மறைந்திருந்தால், மறைத்த பொருளின் அகலம் எட்டையும் பன்னிரண்டையும் பெருக்கினால் வரும் 96 கிலோமீட்டர் ஆகும். கண்ணால் காணமுடியாத ஒன்றைக் கடிகாரத்தால் அளந்தனர் என்பதே இதன் பொருள்.

இளமீன்களைச் சூழ்ந்த தூசித் தட்டுகளை அளப்பதற்கு இவ்வுபாயம் போதாது. வேறு வழிகள் வேண்டியிருந்தன. 1983-இல் விண்ணிற் சென்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி சில மீன்களின் அருகே தூசி இருத்தலை உணர்த்திற்று. மறு ஆண்டு சிலி நாட்டில், பீட்டா பிக்டோரிசின் ஒளியைச் சிறு திரையால் மறைத்துப் படம் எடுத்தனர். அதன் இருபுறமும் தூசித் தட்டு, கதிரவனுக்கும் நமக்கும் உள்ள தொலைவைப்போல் 400 மடங்கு நீண்டிருந்தது. 2014-இல் அதே சிலி நாட்டின் அடகாமாப் பாலைவனத்தில், பல ஏரியல்களைப் பதினைந்து கிலோமீட்டர் வரை பரப்பி அவற்றை ஒரே கருவியாக இயக்கி, ரிசப இராசியிலுள்ள எச்.எல். டௌரி என்னும் இளமீனின் தட்டையும் அதிலுள்ள இருண்ட இடைவெளிகளையும் தெளிவாகப் படம் பிடித்தனர். அம்மீன் ஏறக்குறைய 450 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. கரையான்சாவடியில் நிற்பவர் ஒருவர், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் தூக்கிப் பிடித்த இரண்டரை சென்டிமீட்டர் நாணயம் ஒன்றைக் காண்பாரேல் அஃது எவ்வளவு தோன்றுமோ, அவ்வளவே தோன்றும் அத்தட்டு!

இவற்றுள் எதனையும் காணும் பேறு பாப்புவுக்கு வாய்க்கவில்லை. 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் அவர் மனம் நிறைவு பெறாது, 2.34 மீட்டர் அகல ஆடி உடையதொரு பெருந்தொலைநோக்கியை இந்நாட்டிலேயே செய்ய எண்ணினார். அதற்கு ஆகும் செலவில் வெளிநாட்டுக் கருவியை விரைவில் வாங்கிவிடலாமே என்று எவரும் எண்ணக்கூடும். கருவி செய்யும் திறன் கைவரப்பெறாத நாடு, பழுது நேருந்தோறும் பிறர் வாயிலில் நிற்க நேரும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். அத்தொலைநோக்கியின் எந்திரப் பகுதிகள் இந்தியத் தொழிற்சாலைகளில் உருவாயின. ஆடியைத் தேய்த்து மெருகிடும் பணி பெங்களூரில் நிறுவனத்தின் பணிமனையில் நடந்தது. ஒளியின் அலைநீளத்தினும் குறைந்த பிழைகளையும் நீக்கும் அப்பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. விரைந்து முடிக்க இயலாத வேலை அது.

பாப்பு ஆய்வறிஞர் மட்டும் அல்லர். ஓவியத்திலும் தோட்டக்கலையிலும் உருதுக் கவிதையிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. காவலூர்க் கட்டடங்களின் அமைப்பையும் மரஞ்செடிகளையும் அவரே கருத்துடன் கவனித்தார். 1970-இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும், 1981-இல் பத்மபூசண் விருதும் அவரை வந்தடைந்தன. 1979-ஆம் ஆண்டில் அனைத்துலக வானூற் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இந்தியர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை.

அச்சங்கத்தின் பேரவை 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிரேக்க நாட்டிலுள்ள பட்ராசு நகரில் கூடியது. தலைவராக வீற்றிருக்கவேண்டிய பாப்பு அங்கே இல்லை. இதயநோய்க்கு அறுவை மருத்துவம் செய்துகொள்ளச் செருமனியின் மியூனிக்கு நகரத்திற்குச் சென்றிருந்தார். சிகிச்சைக்குப் பின் உடல்நிலை தேறாமல், ஆகஸ்டு 19-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அவருக்கு அப்பொழுது வயது ஐம்பத்தைந்து. காவலூரில் எழவிருந்த பெருந்தொலைநோக்கியின் பணி அந்நாளில் முற்றுப்பெறவில்லை.

அவர்தம் உடனுழைத்தோர் அதனைக் கைவிடவில்லை. 1986-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள், தலைமையமைச்சர் இராசீவ் காந்தி காவலூருக்கு வந்து அப்பெருந்தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். அதற்கு வைணு பாப்புத் தொலைநோக்கி என்றும், அது நின்ற நிலையத்திற்கு வைணு பாப்பு வானாய்வு நிலையம் என்றும் அன்று பெயர் சூட்டப்பெற்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கதிரவனைச் சுற்றிவரும் சிறுகோள் ஒன்றும், 2596 என்னும் எண்ணோடு, அவர் பெயரையே தாங்கியுள்ளது.