காலணா விலை ஏட்டால் கண் திறந்த பண்டிதர்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்க்கு யாருடைய வாழ்க்கையை எடுத்துரைப்பது என எண்ணிப் பார்த்தோம். பள்ளியில் நெடுங்காலம் பாடம் நடத்திவரும் நாம், நம் மாணவர்தம் பாடநூல்களில் பல்லாண்டுகள் இடம்பெறாதிருந்த ஒரு பெயரையே தேர்ந்தோம். அப்பெயர் பண்டிதர் அயோத்திதாசர் என்பதாம்.

அவர் 1845ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற்பணி புரிந்தவர். அவர் பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடியே ஆரிங்டன் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ந்தது எனப் பண்டிதர் எழுதியுள்ளார். பிறர் வீட்டு அடுக்களையில் உழைத்தவரின் இல்லத்தில் குறளின் ஏடு இருந்தது என்னும் செய்தியை நம் இளைஞர் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். கல்வி நமக்குப் புதிதாக வந்த விருந்தாளி அன்று. வீட்டைவிட்டு விரட்டப்பட்ட உறவினரே ஆகும்.

காத்தவராயன் தமிழும் சித்த மருத்துவமும் கற்றுத் தேர்ந்தார். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர் அயோத்திதாசக் கவிராச பண்டிதரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். ஆசிரியர்க்கு மாணவர் செய்யத்தக்க நன்றி இதனினும் பெரிது வேறில்லை.

இளமையில் அவர் நீலகிரியில் வாழ்ந்தார். அங்கே அத்வைதானந்த சபை என ஒன்றைத் தொடங்கினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் கொள்கை மக்களுள் வேற்றுமையை ஒழிக்கும் என்று அந்நாளில் அவர் நம்பியிருத்தல் கூடும். 1885இல் அருட்திரு ஜான் ரத்தினத்துடன் இணைந்து ‘திராவிட பாண்டியன்’ என்னும் இதழை நடத்தினார். 1891 டிசம்பர் முதல் நாளன்று திராவிட மகாஜன சபையின் மாநாட்டை உதகமண்டலத்தில் கூட்டினார்.

அவர் வாழ்வில் திருப்பம் நேர்ந்தது 1892இல் ஆகும். சென்னை மகாஜன சபையின் கூட்டத்திற்கு நீலகிரியின் சார்பாளராகச் சென்ற அவர், தம் மக்களைச் சிவன் கோயிலிலும் திருமால் கோயிலிலும் நுழைய விடுதல் ஆகாதோ என வினவினார். கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. உம்மவர்க்கெனச் சிறு தெய்வங்கள் உள்ளனவே என்று ஒருவர் விடையிறுத்தார். அங்ஙனமாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டா. எம் பிள்ளைகட்கு நான்காம் வகுப்பு வரையேனும் இலவசக் கல்வியும், உழைப்போர்க்குத் தரிசு நிலமும் கிடைக்க வழி செய்யுங்கள் என்று பண்டிதர் கேட்டார். அவமதிப்பு நேர்ந்த அந்நொடியில் அவர் சினந்து வெளியேறவில்லை. கோயிற் கதவு அடைபடவே பள்ளிக் கதவைத் தட்டினார். நம் சங்கம் போன்ற அமைப்புகளுக்கெல்லாம் வித்து அவ்வினாவிலேயே உள்ளது எனத் துணிந்து கூறுவோம்.

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். சென்னை திரும்பி இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஆல்காட்டு நம் மக்களுக்கென நடத்திய இலவசப் பள்ளிகளுக்கும் உறுதுணையாக நின்றார்.

1907 சூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் வெளிவந்தது. அதன் விலையே அதன் பெயராயிற்று. அந்நாளில் ஒரு பைசா என்பது காலணா. கூலியாள் ஒருவனும் வாங்கிப் படிக்க வேண்டும், படிக்கத் தெரியாதவன் படித்தவனைச் சூழ்ந்து அமர்ந்து கேட்க வேண்டும் என்பதற்கேற்ற விலை அது. ஓராண்டின் பின் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. கோலார் தங்கவயல் தொழிலாளரும், கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழரும் அதன் வாசகராயினர். தன்னாட்சி கேட்போர் தம் ஊரில் கிணற்றையும் தெருவையும் பிறர்க்கு மறுப்பது முறையோ என்று அவ்விதழ் இடைவிடாது கேட்டது. ஆங்கில ஆட்சியை அவர் பெரிதும் போற்றினார் என்பது மெய். உள்ளூர் ஆதிக்கத்தின் சுமையை அன்றாடம் தாங்கியவர்க்கு அயலார் சட்டம் ஊன்றுகோலாகத் தோன்றியது என்பதை உணர்ந்தே அதனை நாம் எடை போடுதல் வேண்டும்.

பண்டிதர் 1914 மே 5ஆம் நாள் மறைந்தார். அவர் எழுதிவந்த திருக்குறள் உரை முற்றுப்பெறாமலே நின்றது.

அந்நாளில் நம் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மன்னராட்சியின்கீழ் இருந்தது. பண்டிதர் இதழ் தொடங்கிய அதே 1907இல் அய்யன்காளி சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவி, நம் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கப் போராடினார். அதற்கு நூறாண்டுகட்கு முன்னரே, 1806இல், மயிலாடி வேதமாணிக்கம் ரிங்கல்தௌபே போதகரை இம்மண்ணுக்கு வரவழைத்துக் கல்விக்கு வழி கண்டார். எனினும் 1926இல்கூடச் சுசீந்திரம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இல் வந்தது. இராயப்பேட்டையில் எழுந்த குரலும் இங்கெழுந்த குரலும் ஒன்றே என்பதற்கு இவை சான்றாகும்.

பெரியோரைப் போற்றுங்கால் குறையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. ஒடுக்கப்பட்டோருள்ளேயே சில சமூகத்தாரைத் தாழ்வாகக் கருதிப் பண்டிதர் எழுதியுள்ளார். பண்டைய பௌத்தம் பற்றிய அவர்தம் முடிவுகள் பலவற்றையும் வரலாற்றாசிரியர் அனைவரும் ஏற்பதில்லை. அவரிடமிருந்து வினவும் துணிவைக் கொள்வோம். அக்குறையை நம்மிடம் அண்டவிடாது காப்போம். நம் சங்கத்தின் பள்ளிக்கூடப் பாயில் நமக்கும் கீழே என ஒருவரை அமர்த்தும் நாள் வருமாயின், அன்றே நம் இருபத்தைந்து ஆண்டு உழைப்பும் வீணாகும்.

மறைவுக்குப் பின் பண்டிதரின் பெயர் நெடுங்காலம் மங்கியிருந்தது. 1999இல் ஞான அலாய்சியசு தொகுப்பில், பாளையங்கோட்டையிலிருந்து அவர்தம் எழுத்துகள் நூல்வடிவம் பெற்றன. 2005இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. இவ்வளவும் இயன்றது எதனால்? பழைய ‘தமிழன்’ இதழ்களைச் சில எளிய குடும்பங்கள் பெட்டியில் மடித்து வைத்துக் காத்தமையால் ஆகும். பாட்டன் சுவடியைக் காத்தார்; வாசகர் பேரனின் இதழைக் காத்தனர்.

இளைஞர்களே! உங்கள் தெருவின் கதையை, உங்கள் பாட்டி கண்ட துன்பத்தை, நம் சங்கம் முதற்பள்ளி நடத்திய திண்ணையை இன்றே ஒரு சுவடியில் எழுதி வையுங்கள். நாம் எழுதாத வரலாற்றைப் பிறர் எழுதுவர்; அதில் நம் பெயர் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இம்மலரையும் படித்தபின் எறிந்துவிடாது பெட்டியில் வைத்துக் காப்பீர்களாக.