தங்கத் தலை வீரர்

கால்பந்தில் தலையால் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றி எழுத விழைகிறேன். அவர் ஹங்கேரி வீரர் சாண்டோர் கோச்சிஷ். 1929-இல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். பந்து உயரே வந்தால் கோல்தான். ஆகவே ‘தங்கத் தலையர்’ என்று பெயர் பெற்றார். நாட்டுக்காக 68 ஆட்டங்களில் 75 கோல்கள்! பெலேயும் எட்டாத சராசரி இது.

1954 உலகக் கோப்பையில் மட்டும் 11 கோல்கள் அடித்தார். முதற்சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என வென்றபோது நான்கு இவருடையவை. ஆயினும் பெர்ன் நகரின் வாங்க்டோர்ஃப் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனியிடம் ஹங்கேரி 2-3 எனத் தோற்றது.

1956-இல் மக்கள் புரட்சியை நசுக்கச் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டில் புகுந்தபோது, அவருடைய ஹான்வேட் குழு வெளிநாட்டில் இருந்தது. கோச்சிஷ் திரும்பவில்லை. வயது 27தான். தாய்நாட்டுக்காக மீண்டும் ஆடவேயில்லை. கோப்பையை இழந்ததைவிட இதுவே பெரிய இழப்பு என்பேன்.

சூரிச்சில் சிலகாலம், 1958 முதல் பார்சலோனா. 1961-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். அரங்கம்? அதே வாங்க்டோர்ஃப்! கோச்சிஷ் தலையால் முட்டி முதல் கோலடித்தார். முடிவில் பென்ஃபிகாவிடம் மறுபடியும் 2-3!

நோயுற்றிருந்த அவர் 1979-இல் பார்சலோனா மருத்துவமனை ஒன்றின் மாடியிலிருந்து விழுந்து, 49 வயதில் மறைந்தார். 2012-இல்தான் அவர் உடலின் எச்சங்கள் புடாபெஸ்ட் சேர்ந்தன. பழைய தோழர் புஷ்காஷ் உறங்கும் புனித ஸ்டீபன் பேராலயத்திலேயே அவருக்கும் இடம் கிடைத்தது.