பகைவர் வைத்த அமானிதம்

நபி முஹம்மத் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பேசும்போது நபித்துவத்துக்கு முந்திய நாற்பது ஆண்டுகளை நாம் அவசரமாகக் கடந்து விடுகிறோம். அநாதை, ஆடு மேய்த்தார்கள், வியாபாரம் செய்தார்கள் என்று மூன்று வசனத்தில் ஹிரா குகைக்குப் போய்விடுவோம். எனக்கோ அந்த ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. பின்னால் எழுந்த வழக்குக்கெல்லாம் சாட்சி அங்கேதான் இருக்கிறது.

மக்காவாசிகள் அவர்களை அல் அமீன், நம்பிக்கைக்குரியவர் என்றே அழைத்தார்கள். கதீஜா (ரழி) அவர்கள் ஷாமுக்குப் போகும் தமது சரக்கை நம்பி ஒப்படைத்ததும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான். திருமணம் அதன் பிறகே. 35 வயதில் இன்னொரு சம்பவம். கஃபாவைப் புதுப்பித்த குறைஷிகள், ஹஜருல் அஸ்வத் கல்லை எந்தக் கோத்திரம் வைப்பது என்று இரத்தம் சிந்தும் அளவுக்குப் போனார்கள். அடுத்து வாசலால் நுழைபவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. நுழைந்தவர் அல் அமீன் என்று கண்டதும் எல்லோருக்கும் நிம்மதி. ஒரு துணியை விரித்துக் கல்லை அதில் வைத்து, கோத்திரத் தலைவர்களைச் சுற்றிப் பிடித்துத் தூக்கச் செய்து, தம் கையால் உரிய இடத்தில் பதித்தார்கள்.

ஐந்தே வருடங்களில் வஹீ வந்தது. ஊர் மாறிவிட்டது.

ஹஜ் காலம் நெருங்கியபோது, வெளியூர் மக்களிடம் இவரைப் பற்றி என்ன சொல்வது என்று வலீத் பின் முகீராவின் முன்னே குறைஷிகள் கூடினார்கள். குறிகாரர் என்போமா? அந்த முணுமுணுப்பு இவரிடம் இல்லையே. பைத்தியக்காரர்? அதற்கும் அடையாளம் இல்லை. கவிஞர்? கவிதையின் வகையெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. இது அதில் சேரவில்லை. கடைசியில், குடும்பத்தைப் பிரிக்கும் சூனியக்காரர் என்று ஒப்புக்கொண்டு கலைந்தார்கள். (பெயரைக் கெடுக்க நம் ஊர்களில் இவ்வளவு யோசிப்பதில்லை!) பொய்யர் என்றும் ஏசினார்கள். ஆனால் எந்தக் கொடுக்கல் வாங்கலில், யாரிடம் பொய் சொன்னார் என்று காட்ட ஒருவராலும் முடியவில்லை.

நண்பர்களின் புகழ்ச்சியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அபூஸுஃப்யானின் சாட்சியம். அப்போது அவர் எதிரி. ரோமப் பேரரசர் ஹிரக்ல் அவரை அழைத்து, இவர் முன்பு பொய் சொன்னதுண்டா என்று விசாரித்தார். இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தம்முடன் வந்தவர்கள் தம்மைப் பொய்யர் என்று ஊரில் பேசுவார்களே என்ற வெட்கம் இல்லாவிட்டால், அன்று பொய் சொல்லியிருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே ஒத்துக்கொண்டார்.

622 இல் கொலைத் திட்டம் தீட்டி வீட்டைச் சூழ்ந்த இரவில், மக்கத்தாரின் பொருட்கள் அந்த வீட்டுக்குள்தான் பத்திரமாக இருந்தன. மார்க்கத்தை மறுத்தவர்களுக்கும் பணம் வைக்க வேறு இடம் தோன்றவில்லை! நபியவர்கள் மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். அலீ (ரழி) அவர்கள் மூன்று நாட்கள் மக்காவிலேயே தங்கி, ஒவ்வொருவரின் அமானிதத்தையும் உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு அதன் பிறகே பின்தொடர்ந்தார்கள்.