நிளாக்கரைப் பரமேசுவரர்

கேரளத்தில் பாரதப்புழை என்றும் நிளா என்றும் வழங்கும் ஆற்றின் கரையில், வடசேரி என்னும் இல்லத்தில் தோன்றியவர் பரமேசுவரர். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த இவர், கணித மேதை மாதவரிடம் பயின்றவர்.

அந்நாளில் பஞ்சாங்கம் கணிக்கப் பரகிதம் என்னும் பழைய முறையே கையாளப்பட்டது. அது குறித்த வேளைக்கும் கிரகணம் தோன்றிய வேளைக்கும் வேறுபாடு காணப்பட்டது. பரமேசுவரர் ஏட்டை நம்பி அமையாமல் வானை நோக்கினார். ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவர் இப்பணியில் ஈடுபட்டதாகப் பின்வந்த நீலகண்ட சோமயாஜி குறிக்கிறார். 1393 முதல் 1432 வரை கண்ட கிரகணங்களைப் பரமேசுவரர் தம் உரைநூலொன்றில் பதிந்துள்ளார். திருத்திய கணக்கை 1431-இல் 'திருக்கணிதம்' என வெளியிட்டார். கண்ணாற் கண்டதோடு ஒத்துவரும் கணிதம் என்பது அப்பெயரின் பொருள். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களிலும் இச்சொல் வழங்குகிறது, முறை வேறு.

வானியல் கணக்கிற்குச் சைன் அட்டவணை இன்றியமையாதது. பழைய அட்டவணை, கால்வட்டத்தை 24 கூறாக்கி மதிப்புகளைத் தந்தது. இடைப்பட்ட மதிப்பு வேண்டுமாயின் என் செய்வது? கோணம் வளர வளரச் சைன் வளரும் வேகம் குறையும். அவ்வேகம் கொசைனைப் பொறுத்தது. ஆகவே, கோண வேறுபாட்டை இடையிலுள்ள ஒரு கோணத்தின் கொசைனால் பெருக்கினால் சைன் வேறுபாடு கிட்டும் என்பதே பரமேசுவரர் கையாண்ட வழி. 30 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே அக்கோணம் சரிநடுவான 45 அன்று, ஏறத்தாழ 45.65 பாகை. சைனிலிருந்து கோணத்தைத் தேடும்போது அவ்விடைக்கோணமும் தெரியாது. முதலில் ஒன்றைக் கொண்டு, கிடைத்த விடையால் அதனைத் திருத்தித் திருத்தி அணுகினார்.

தாமலிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் பேருந்து 15 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் கடந்தால், அதன் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். நிறுத்தங்களில் நின்றும் நெடுஞ்சாலையில் விரைந்தும் அது சென்றிருக்கலாம். எனினும் ஏதேனுமொரு கணத்தில் வேகமானியின் முள் சரியாக 30-ஐக் காட்டியே இருக்கும். இன்றைய சராசரி மதிப்புத் தேற்றம் கூறுவது இதுவே.

பரமேசுவரர் இதனைப் பொதுத் தேற்றமாக நிறுவினார் என்பது மிகைக்கூற்று. அவர் கண்டது சைனுக்குரிய தனிவகை. பொதுவடிவை 1823-இல் நிறுவியவர் பிரான்சு நாட்டுக் கோஷி. ஆயினும் அவருக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே இக்கருத்து பனையோலையில் பயன்பாட்டிற்கு வந்துவிட்டது.

பரமேசுவரர் 1443-இல் கோளதீபிகை இயற்றினார். அவர் மகன் தாமோதரரிடம் கற்றவரே நீலகண்டர்.