உபதேசியார் ராஜநாயக்கன்

1741ஆம் ஆண்டு. தரங்கம்பாடி லுத்தரன் சபையில் இன்னொரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. 1733 டிசம்பரில் பட்டம் பெற்ற ஆரோன்தான் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் தமிழ்க் குரு. அவர் ஒருவரால் மட்டும் தஞ்சைச் சீமை முழுவதையும் பார்க்க முடியவில்லை. அடுத்த குரு யார் என்ற பேச்சில் முன்னால் வந்த பெயர் ராஜநாயக்கன். வேத அறிவிலும் உழைப்பிலும் ஒழுக்கத்திலும் அவர்மேல் யாருக்கும் குறை இல்லை. ஆனாலும் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் பறையர் என்பதே காரணம்.

அவருடைய பெயரைக் கேட்டுச் சாதியைத் தப்பாகக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. நாயக்கன் என்ற சொல்லுக்குப் படைத்தலைவன் என்றும் பொருள் இருக்கிறது. 1700இல் பிறந்த ராஜநாயக்கன் தஞ்சை மராத்திய அரசரின் படையில் சேர்வைக்காரராக இருந்தார். பறையர் என்றால் ஏர் பிடிக்கவும் நாற்று நடவும் மட்டுமே விதிக்கப்பட்டவர்கள் என்று நமக்குப் பாடம் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். ஆயுதம் ஏந்தியவர்களும் நம்மில் இருந்தார்கள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். பிறப்பால் வந்த மதத்தை அப்படியே வைத்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். அவரோ வயது வந்த பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். அந்தக் காலத்தில் தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலிருந்து தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்திருந்தது. சீகன்பால்கு மொழிபெயர்த்து 1714, 1715 ஆண்டுகளில் அச்சான புத்தகம் அது. அதில் ஒரு பகுதி ராஜநாயக்கன் கைக்கு வந்து சேர்ந்தது. திரும்பத் திரும்பப் படித்தார், கேள்விகள் எழுந்தன. விடை தேடித் தரங்கம்பாடிக்குத் தொடர்பு கொண்டார். கடைசியில் அந்தச் சபையிலேயே சேர்ந்தார். பழைய சபையாரின் பகையைத் தேடிக்கொண்டார், படை வேலையையும் விட்டார். யாரோ சொன்னார்கள் என்றோ, கூட்டத்தோடு கூட்டமாகவோ அவர் மாறவில்லை. தானே படித்து, தானே எடுத்த முடிவு அது. சேரிக்காரன் சோற்றுக்காக மதம் மாறினான் என்று இன்றைக்கும் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு வாழ்க்கையே போதும்.

உபதேசியார் வேலை லேசானது அல்ல. வெள்ளைக்காரக் குருமார் தஞ்சை அரசரின் நாட்டுக்குள் நினைத்தபடி போய்வர முடியாத காலம் அது. ஆகவே ஆற்றங்கரை ஊர்களில் சபையை வளர்த்ததும் தாங்கியதும் தமிழ் உபதேசியார்கள்தான். வெயிலிலும் வெள்ளத்திலும் ஊர் ஊராக நடந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். நோயாளியின் பாயருகே உட்கார்ந்து ஜெபித்தார்கள். நடந்ததையெல்லாம் எழுதித் தரங்கம்பாடிக்குக் கொடுத்தார்கள். அங்கிருந்து அந்தச் செய்திகள் ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போய் அச்சேறின. ராஜநாயக்கனை நாம் அறிய முடிவது அதனால்தான். நம் முன்னோர் வரலாற்றை ஐரோப்பியக் காகிதக் கட்டில் தேட வேண்டியிருப்பது வேறு கதை.

இத்தனையும் செய்தவரை ஏன் குருவாக்கவில்லை? மிஷனரிகள் காரணத்தை மறைக்கவில்லை. அவர்மேல் தங்களுக்கு மதிப்பும் அன்பும் உண்டு, ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் முன்வரமாட்டார்கள், ஊராரும் சபையை இழிவாகப் பார்ப்பார்கள் என்று அஞ்சினார்கள். தரங்கம்பாடிக் கோயிலுக்குள் ஏற்கெனவே சூத்திரக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு பக்கமும் இருந்தன. இருக்கையில் தொடங்கிய பிரிவு பீடம் வரை போனது.

காலம் அப்படி, என்ன செய்ய முடியும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நமக்கு அது ஒப்பவில்லை. இதே தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைத் தளபதியோடு மோதி நான்கு மாதம் சிறையில் கிடந்தவர் சீகன்பால்கு. அதிகாரத்தை எதிர்க்கத் துணிந்த மிஷன், தன் சபையின் முன்வரிசைக்காரர்களின் முகம் சுளிக்குமே என்று பின்வாங்கியது. அதே மிஷன்தான் ஒரு பறையர் படைவீரன் கையில் புத்தகம் சேரவும் வழி செய்தது. இரண்டும் உண்மை.

குருப்பட்டம் மறுக்கப்பட்ட பிறகும் ராஜநாயக்கன் முப்பது ஆண்டுகள் உழைத்தார். அடங்கிப் போனார் என்று இதைப் படிப்பது எளிது. ஆனால் அவர் விட்டுப் போகத் தெரியாதவர் அல்லர். ஒரு சபையையும் ஓர் அரசனின் படையையும் துறந்து வந்தவர். பட்டத்துக்காக வந்தவராயிருந்தால் 1741லேயே கிளம்பியிருப்பார். அவர் நம்பியது தான் படித்த புத்தகத்தை. அதைச் சேரிகளில் வாசித்துக் காட்ட அவருக்கு எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. 1771இல் இறந்தபோதும் அவர் உபதேசியார்தான்.

அவருக்குப் பின் தஞ்சையில் சபையைப் பெருக்கிய ஸ்வார்ட்ஸ் ஐயரும் தனி இருக்கைகளை அகற்றவில்லை. பாட்டுகளால் புகழ்பெற்ற வேதநாயகம் சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதினார். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது, தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கொதித்தெழுந்து கோயிலை விட்டே வெளியேறினார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றும் இரண்டாகத்தான் கிடக்கிறது.

அரசாங்கம் வேறு விதமாக நடந்துகொண்டது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொன்னது. இன்னும் சேர்க்கவில்லை. ராஜநாயக்கனைப் போல மதம் மாறிய குடும்பத்துப் பிள்ளை இன்று தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு மனுப் போட்டால், பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை திரும்பிப் போவது அதே காலனித் தெருவுக்கு.